நார்மண்டியின் மனுவார் பண்ணைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட பிரான்சின் நார்மண்டியில், லிசியே நகரைச் சுற்றியுள்ள ஓஜ் வட்டாரத்தில், 1450க்கும் 1550க்கும் இடையில் கட்டப்பட்ட சிறு நிலப்பிரபுக்களின் பண்ணைகள் பல இன்னும் நிற்கின்றன. அவற்றின் அமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு பற்றி அடிக்கடி எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. பிரெட்டனி, தூரேன் போன்ற பிற வட்டாரங்களின் கல் பண்ணைகளுக்கு இவற்றில் பாதிதான் பொருந்தும்.

மனுவார் என்பது கோட்டையா, மாளிகையா, பண்ணையா?

பண்ணைதான். தன் நிலத்தின் நடுவே குடியிருந்து, விளைச்சலையும் குடியானவர்கள் நிலத்துக்குக் கொடுக்கும் வாரத்தையும் (குத்தகை) நேரடியாகக் கவனித்த சிறு பிரபுவின் வீடும் அதைச் சுற்றிய தொழில் கட்டடங்களும் சேர்ந்ததுதான் மனுவார். கோட்டைக்குரிய தடித்த மதிலும் காவற்படையும் இங்கே இல்லை. மரண தண்டனை விதிக்கும் அதிகாரமும் இந்தப் பிரபுக்களில் பெரும்பாலோருக்குக் கிடையாது. வரப்புத் தகராறு, பாக்கி வாரம் போன்ற வழக்குகளோடு அவர்களது நீதிமன்றம் முடிந்துவிடும்.

வருகிறவர்கள் வீட்டைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் களஞ்சியம், புறாமாடம், ஆப்பிள் ஆலை, ரொட்டி அடுப்பு, தொழுவம் இவை இல்லாத மனுவார் வெறும் அழகான வீடு. பாதுகாப்பில் கவலைக்குரியதும் இந்தத் துணைக் கட்டடங்கள்தான். வீடு விலைபோகும், ஆள் குடியேறுவார், கூரை மாறும். களஞ்சியம் மட்டும் கேட்பாரின்றிச் சரியும்.

ஏன் இத்தனையும் ஒரே நூற்றாண்டில் கட்டப்பட்டன?

அதற்கு முன்பு இருந்தவை அழிந்துபோனதால். 1348இல் வந்த கொள்ளைநோய் மக்கள்தொகையைக் குலைத்தது. 1417 ஆகஸ்டில் இங்கிலாந்து அரசன் ஐந்தாம் ஹென்றி இதே வட்டாரத்தின் தூக் ஆற்று முகத்துவாரத்தில் படையோடு இறங்கினான். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் நார்மண்டி ஆங்கிலேயர் கையில் இருந்தது. எதிர்த்த பிரபுக்களின் நிலங்கள் பறிக்கப்பட்டன, வயல்களில் புதர் மண்டியது. அந்தக் காலப் பாழ்நிலங்களையும் ஆளில்லா ஊர்களையும் லிசியே ஆயர் தொமா பாசேன் தம் வரலாற்று நூலில் பதிந்திருக்கிறார். 1449 ஆகஸ்டில் நகரைச் சண்டையின்றிப் பிரெஞ்சு அரசனிடம் ஒப்படைத்தவரும் அவரே. 1450 ஏப்ரல் 15 அன்று ஃபோர்மிஞி போரோடு ஆங்கிலேயர் ஆதிக்கம் முடிந்தது.

திரும்பி வந்த பிரபுக்களிடம் நிலம் இருந்தது, உழ ஆள் இல்லை. குறைந்த நிரந்தர வாரத்துக்கு நிலத்தைக் குடியானவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். விளைச்சல் மீண்டதும் கையில் காசு சேர்ந்தது, கட்டினார்கள். கல்லை விட ஓக் மரமும் களிமண்ணும் பக்கத்திலேயே கிடைத்ததால் மரச்சட்டக வீடுகள் எழுந்தன.

லிசியே நகருக்குள் இருந்த இதே காலத்து மரவீடுகள் 1944 ஜூன் மாதக் குண்டுவீச்சில் பெரும்பாலும் எரிந்துபோயின. எனவே அந்தத் தச்சு மரபைப் பார்க்க இன்று கிராமத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒரு வளாகத்தில் என்னென்ன கட்டடங்கள் இருக்கும்?

வீடு, தானியக் களஞ்சியம், மாட்டுத் தொழுவம், குதிரை லாயம், வண்டிக் கொட்டகை, ஆப்பிள் ஆலை, ரொட்டி அடுப்பு, புறாமாடம். சில இடங்களில் சிறு வழிபாட்டுக்கூடமும் நுழைவாயில் கட்டடமும் உண்டு.

ஓஜ் வட்டாரத்தில் இவை ஒன்றோடொன்று ஒட்டாமல், ஆப்பிள் மரங்கள் நிற்கும் புல்வெளியில் தள்ளித் தள்ளி இருக்கும். மரமும் வைக்கோலும் நிறைந்த பண்ணையில் தீ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் இருக்கவே இந்த இடைவெளி. அடுப்புக் கட்டடம்தான் எல்லாவற்றிலும் ஒதுங்கி நிற்கும். இன்று அந்த இடைவெளிகளைக் கண்ணாடி வராந்தாவால் இணைக்கலாமே என்று கேட்கும் உரிமையாளர்கள் உண்டு. இணைத்தால் வளாகத்தின் தர்க்கமே போய்விடும். இரண்டு கூரைகள் சந்திக்கும் பள்ளத்தில் மழைநீர் தேங்குவது தனித் தொல்லை.

அகழி பாதுகாப்புக்காகவா?

ஓரளவுக்கு. சில மீட்டர் அகலத் தண்ணீர் கொள்ளைக்கூட்டத்தைத் தாமதப்படுத்தும், ஒரு படையைத் தடுக்காது. ஈரமான பள்ளத்தாக்கில் வீட்டு மனையின் நீரை வடித்தது, மீன் வளர்க்க உதவியது, தீப்பிடித்தால் தண்ணீர் கொடுத்தது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரபுவின் அந்தஸ்தைக் காட்டியது. இதே வட்டாரத்தின் கூப்சார்ட் மனுவாரில் மரச்சட்டகச் சுவரும் மூலைக் கோபுரங்களும் தண்ணீர் மேலேயே எழுவதைப் பார்த்தால் அந்தஸ்துதான் முதல் காரணம் என்று தோன்றும்.

அகழியை வற்றவிடுவது ஆபத்து. கரைச்சுவரின் அடியில் மரக்கட்டைகள் இருந்தால், நீரில் மூழ்கியிருக்கும் வரை அவை கெடாது. காற்றுப் பட்டதும் மக்கத் தொடங்கும். களிமண்ணும் காய்ந்து சுருங்கி வீட்டைச் சாய்க்கும். தூர்வார வேண்டுமானால் பகுதி பகுதியாக வாரி, நீர்மட்டத்தை மெதுவாக இறக்கி, விரைவில் மீண்டும் நிரப்ப வேண்டும்.

மரச்சட்டகத்தை எப்படிக் கட்டினார்கள்?

கீழிருந்து சொல்வதே எளிது. முதலில் சுண்ணாம்புக்கல் அல்லது ஃபிளிண்ட் (சிக்கிமுக்கி) கல்லால் அரை மீட்டர் அளவு உயரக் கற்பீடம். அதன்மேல் படுக்கவைத்த அடிவிட்டம். அடிவிட்டத்தில் துளையிட்டு, அதில் கழுந்தை (மரத்தின் முனையில் செதுக்கிய நாக்கு) பொருத்தி நிற்கும் தூண்கள். தூண்களின் தலையில் மேல்விட்டம், அதன்மேல் மாடியின் உத்தரங்கள், பிறகு கைமரங்கள். மூலைகளில் சாய்வுக்கட்டைகள் காற்றுவிசையைத் தாங்கும். வசதியான வீடுகளில் தூண்கள் நெருக்கமாக நிற்கும். மரத்தின் அகலமும் இடைவெளியின் அகலமும் ஏறத்தாழச் சமம். இவ்வளவு ஓக் வலுவுக்குத் தேவையில்லை. மரம் வாங்கும் சக்தியைச் சுவரில் காட்டினார்கள்.

ஓக்கைப் பச்சையாகவே, வெட்டிய ஓரிரு ஆண்டுக்குள் பயன்படுத்தினார்கள். காய்ந்த ஓக் உளிக்கு அடங்காது. பச்சை மரம் காயும்போது குறுக்குவாட்டில் சுருங்கும். இதைத் தச்சர்கள் தங்களுக்குச் சாதகமாக்கிக் கொண்டார்கள். கழுந்திலுள்ள ஆணித்துளையைத் தூணின் துளையிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளிப் போட்டு, காய்ந்த ஓக் மர ஆணியை அடித்தால் மூட்டு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காலம் போகப் போக இறுக்கம் கூடும். இரும்பாணி இங்கே வேலைக்காகாது, ஓக்கின் துவர்ப்புச் சத்து இரும்பை அரிக்கும்.

சட்டகத்தைத் தரையில் கிடத்தி முழுதாகப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் ரோமன் எண் போன்ற கீறல் இட்டு, பிரித்து, பீடத்தின்மேல் மீண்டும் நிறுத்தினார்கள். அந்தக் கீறல்கள் இன்றும் தெரியும். பழுதுபார்க்கும்போது சுரண்டி எடுத்துவிடக் கூடாதவற்றில் இவைதான் முதலிடம். எண்வரிசை எங்கே அறுகிறதோ அங்கே பிற்காலத்தில் மரம் மாறியிருக்கிறது என்று பொருள்.

தூண்களுக்கு இடையே நிரப்பியது என்ன? அதை இன்று எப்படிச் செய்வது?

பெரும்பாலும் தொர்ஷி எனப்படும் வைக்கோல் கலந்த களிமண். வசதியானவர்கள் சில பகுதிகளில் ஓட்டுத்துண்டுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கோலமிட்டிருக்கிறார்கள். தொர்ஷி பழுதுபார்ப்பு கடினமில்லை. அவசரப்படுகிறவர்களுக்குத்தான் கெடும்.

மண்ணை முதலில் சோதியுங்கள். கண்ணாடிச் சாடியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பிட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் தங்கும், வண்டல் ஓரிரு மணியில், களி மறுநாள் வரை எடுத்துக்கொள்ளும். களி கால் பங்கு அளவில் இருந்தால் நல்லது. மிகுந்தால் காயும்போது வெடிக்கும், குறைந்தால் உதிரும். பழைய சுவரிலிருந்து விழுந்த மண்ணைத் தூக்கி எறியாதீர்கள். ஊறவைத்துப் புது வைக்கோல் சேர்த்தால் அதுவே சிறந்த மூலப்பொருள்.

தூண்களுக்கு நடுவே பிளந்த ஓக் அல்லது செஸ்ட்நட் பட்டிகளைக் கிடையாக, விரல்கள் நுழையும் இடைவெளியில் பொருத்துங்கள். மண்ணை ஓர் இரவு ஊறவைத்து, ஒரு சாண் நீளத்தில் வெட்டிய வைக்கோலைச் சிறிது சிறிதாகத் தூவி மிதியுங்கள். நம்மூர் மண்சுவருக்குச் சேறு மிதிப்பது போலத்தான், ஆனால் வைக்கோல் கூடுதல். பிடித்துத் தூக்கினால் உருண்டை முழுதாக வர வேண்டும், இடுப்புயரத்திலிருந்து போட்டால் தட்டையாக வேண்டும், சிதறக் கூடாது. பட்டிகளையும் மரத்தின் பக்கங்களையும் ஈரமாக்கிவிட்டு, பட்டியின் மேலாகத் தொங்கவிட்டு இருபுறமும் அழுத்துங்கள். பின்பக்கம் பிதுங்கி வரும் மண் கொக்கிபோல் பிடித்துக்கொள்ளும்.

பிறகு சில வாரம் காத்திருங்கள். மண்ணுக்கும் தூணுக்கும் இடையே விரிசல் விழும், அது இயல்பு. நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய கலவையால் அதை அடைத்து, 1 பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் 3 பங்கு மணல் சேர்த்த சாந்தைப் பூச வேண்டும். பூச்சு மரத்தின் முகத்தைத் தாண்டித் துருத்தக் கூடாது. துருத்தினால் மேல் விளிம்பில் மழைநீர் தங்கும், அங்கிருந்து மரத்துக்குள் போகும். இறுதியில் 1 பங்கு சுண்ணாம்புக்கு 2 அல்லது 3 பங்கு தண்ணீர் கலந்த வெள்ளை, இரண்டு பூச்சு.

வசந்தத்தில் தொடங்கிக் கோடையில் முடித்துவிடுங்கள். அக்டோபரில் பூசிய தொர்ஷி காயுமுன் உறைபனி வரும். உள்ளிருக்கும் நீர் உறைந்து விரிந்து, முழுப் பரப்பும் பொருக்குப் பொருக்காக உதிரும்.

கூரையில் வைக்கோலா, ஓடா?

வீட்டுக்குச் சிறிய தட்டை ஓடு, தொழில் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் வைக்கோல் அல்லது நாணல். வைக்கோற்கூரையின் முகட்டில் களிமண் இட்டு ஐரிஸ் செடி நடுவார்கள். அதன் கிழங்கு மண்ணைப் பிடித்துவைக்கும், காய்ந்த களி வெடிக்காமல் ஈரம் காக்கும். இரண்டு வகைக்கும் சாய்வு 45 பாகைக்குக் குறையக் கூடாது.

17க்கு 27 செ.மீ. அளவுத் தட்டை ஓட்டில் சதுர மீட்டருக்குச் சுமார் 60 வேண்டும். ஏனென்றால் ஒவ்வோர் ஓட்டிலும் கீழ்ப்பகுதி 10 செ.மீ. மட்டுமே வெளியே தெரியும். பழைய ஓடுகளைக் கவனமாக இறக்கினால் கணிசமான பகுதி மீண்டும் பயன்படும். ஒவ்வொன்றையும் விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் வைத்துக்கொள்ளலாம், மந்தமாக ஒலித்தால் விரிசல். பழையதையும் புதியதையும் ஒரே சாய்வில் கலந்து போடுவதே கண்ணுக்கு இதம்.

துருப்பிடித்த தகரக் கூரை போட்ட களஞ்சியத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். வைக்கோல் வேய ஆளும் காசும் இல்லாத காலத்தில் அந்தத் தகரம்தான் அடியிலிருந்த ஓக் சட்டகத்தைக் காத்தது. 1997க்கு முன் போட்ட சிமெண்ட் அட்டை வேறு விவகாரம். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம், உடைக்காமல், உரிமம் பெற்றவர்களைக் கொண்டுதான் இறக்க வேண்டும்.

புறாமாடத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

அது ஒரு சட்ட ஆவணம், கட்டடமாக நிற்கிறது. நார்மண்டி வழக்கச் சட்டப்படி தனிப் புறாமாடம் கட்டும் உரிமை பிரபுத்துவ நிலத்தோடு ஒட்டியது. நிலத்தை வாரிசுகள் பிரித்துக்கொண்டாலும் புறாமாட உரிமை ஒருவருக்கே போகும். ஆகவே வயலின் நடுவே புறாமாடம் தெரிந்தால் இங்கே பிரபு இருக்கிறார் என்று வழிப்போக்கனுக்கும் விளங்கும்.

உள்ளே சுவர் முழுவதும் வரிசை வரிசையாகக் குழிகள், ஒரு குழிக்கு ஒரு ஜோடி. நடுவில் செங்குத்தான சுழல்தண்டு, அதில் கைபோல நீண்ட சட்டங்களில் ஏணி. ஒருவர் ஏணியில் நின்றபடியே சுற்றிவந்து எல்லாக் குழிகளையும் எட்டலாம். வெளிச்சுவரின் நடுவில் துருத்தும் கல்வரி எலியும் மரநாயும் ஏறாமல் தடுக்கும். அதைப் பழுதுபார்க்கும்போது அலங்காரம் என்று நினைத்துக் குறைத்துவிடுகிறார்கள். உச்சியிலுள்ள சிறு திறப்பின் வழியாகப் புறாக்கள் போய்வரும். சுண்ணாம்பு வெள்ளை உள்ளே தவறாமல் அடித்ததற்குக் காரணம் அழகல்ல, பேன்தொல்லை.

பறக்கத் தெரியாத, சுமார் நான்கு வாரக் குஞ்சுகள்தான் இறைச்சிக்கு. ஆனால் எச்சத்தின் மதிப்பு இறைச்சிக்குக் குறைந்ததல்ல. சணல் வயலுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் அதைவிடக் கடுமையான உரம் அன்று கிடையாது. புதிதாக இட்டால் பயிரைச் சுட்டுவிடும் என்பதால் காயவைத்துப் பொடியாக்கித் தூவினார்கள்.

விதைத்த தானியத்தைப் புறா தின்னும், குடியானவன் அதைக் கொல்லக் கூடாது. இந்த ஆத்திரத்தின் கணக்கு 1789 ஆகஸ்ட் 4 இரவு தீர்ந்தது. அன்றைய தீர்மானங்களில் புறாமாட ஏகபோகம் ஒழிக்கப்பட்டது. ஊரார் குறிக்கும் காலத்தில் புறாக்களை அடைத்துவைக்க வேண்டும், வெளியே வந்தால் யாரும் தம் நிலத்தில் சுடலாம் என்று விதி வந்தது. எத்தனையோ புறாமாடங்கள் அதன்பின் வண்டிக் கொட்டகையாகவும் கோழிக்கூடாகவும் மாறின.

பெரிய எடுத்துக்காட்டு வேண்டுமானால் டியெப் நகரருகே வராஞ்ச்வில்லில், கப்பல் முதலாளி ஜான் ஆங்கோ 1530களில் தொடங்கிக் கட்டிய மனுவார். அதன் வட்டப் புறாமாடத்தில் சுமார் 1600 குழிகள் உண்டு. பல வண்ணச் செங்கல், ஃபிளிண்ட், மணற்கல் எல்லாம் கலந்த சுவர். இது பணக்காரரின் விளம்பரம், சாதாரணப் பிரபுவால் இப்படி முடியாது. கிரெவ்கேர்-ஆன்-ஓஜில் உள்ள சதுரமான மரச்சட்டகப் புறாமாடம்தான் வட்டாரத்தின் உண்மையான அளவுகோல்.

ஆப்பிள் மது எப்படித் தயாரித்தார்கள்?

சிடர் என்ற புளித்த ஆப்பிள் சாறு 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இங்கே பீரையும் திராட்சை மதுவையும் ஓரங்கட்டியது. ஷெர்பூர் அருகே ல மெனில்-ஓ-வாலில் வாழ்ந்த பிரபு ஜில் த கூபெர்வில் 1549 முதல் 1562 வரை எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. ஒட்டு கட்டியது, மரம் நட்டது, கூலி கொடுத்தது எல்லாம் அதில் வரும். 1553 மார்ச் 28 தேதியிட்ட குறிப்பு, சிடரைக் காய்ச்சி வடித்த சாராயத்துக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றாகச் சொல்லப்படுகிறது. இன்றைய கால்வடோஸ் மதுவின் முன்னோடி அதுதான். தன் பண்ணையைத் தானே நடத்திய சிறு பிரபு எப்படி நாளைக் கழித்தான் என்று அறிய இதைவிட நல்ல சாட்சி இல்லை.

வேலை இப்படிப் போகும். அக்டோபர், நவம்பரில் நீண்ட கழியால் கிளையை உலுக்கி, விழுந்ததைப் பொறுக்கி, இனிப்பு, கசப்பு, புளிப்பு வகைகளைப் பரணில் தனித்தனியே குவித்து, விரல் அழுந்தும் வரை பழுக்க விடுவார்கள். பிறகு நசுக்கல். முதலில் உலக்கையால், பின்னர் வட்டத் தொட்டியில் குதிரை இழுக்கும் சக்கரத்தால். விதையை முழுதாக அரைத்தால் கசப்பு ஏறும். நசுக்கிய விழுதைச் சில மணிநேரம் அப்படியே விட்டால் நிறம் கூடும்.

விழுதை ஆலைமேடையில் ஒரு கையளவு உயரத்துக்குப் பரப்பி, மேலே ரை தானியத்தின் நீண்ட வைக்கோலைக் குறுக்கும் நெடுக்கும் இட்டு, அடுத்த படை, மீண்டும் வைக்கோல் என்று சதுரமாக அடுக்குவார்கள். வைக்கோல்தான் சாறு வெளியேறும் வடிகால், அடுக்கு பிதுங்காமல் பிடிப்பதும் அதுவே. அதன்மேல் ஒரு முழு ஓக் மரத்தைச் செதுக்கியெடுத்த பெரிய உத்தரம் இறங்கும். மேல் உத்தரத்துக்குக் கிடா, கீழ் உத்தரத்துக்குப் பெட்டை ஆடு என்று ஆலைக்காரர்கள் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு முனையிலுள்ள மரத்திருகைச் சுழற்றி மெதுவாக அழுத்த வேண்டும். வேகமாக அழுத்தினால் அடுக்கு வெடித்துப் பக்கவாட்டில் பீறிடும்.

முதல் சாறு பீப்பாய்க்குப் போகும். சக்கையைக் கிளறி, தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து மீண்டும் பிழிந்தால் வருவது நீர்த்த சிடர், கூலியாட்களின் அன்றாடப் பானம். கடைசிச் சக்கை மாட்டுக்கு. சிலர் அதை மண்ணில் தூவி, விதை முளைத்ததும் ஒட்டுக்கு வேர்ச்செடியாக வளர்த்தார்கள்.

தவறுவது எங்கே? பூஞ்சை பிடித்த வைக்கோல் சாற்றுக்கு நாற்றம் ஏற்றும். பீப்பாய் நிறையாமல் காற்றிடம் விட்டால் காடியாகும். இரும்புச் சாமான் பட்டால் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து சிடர் கருக்கும். பழைய ஆலைகளில் சாறு படும் இடமெல்லாம் மரமும் கல்லுமாகவே இருப்பதன் காரணம் இதுவே. ஆலை அறையைச் சமையற்கூடமாக்கும் திட்டம் இருந்தால், வட்டத் தொட்டியைப் பூந்தொட்டியாகப் பெயர்த்து வெளியே வைக்கும் ஆசையைக் கைவிடுங்கள். ஓக் ஆலையும் தொட்டியும் தரையும் ஒரே இயந்திரம்.

நார்மண்டியின் காமம்பேர் பாலாடைக்கட்டியும் இந்தக் காலத்தது தானா?

இல்லை. அதன் கதை 1791லிருந்துதான் சொல்லப்படுகிறது. மனுவார் காலத்து ஓஜ் வட்டாரத்தில் உழவு இன்றைவிட மிக அதிகம். குளிர்காலக் கோதுமை, வசந்தகால ஓட்ஸ் அல்லது பார்லி, பிறகு ஓராண்டு தரிசு என்ற மூன்றாண்டுச் சுழற்சி. வட்டாரம் முழுக்கப் புல்வெளியும் பால்மாடுமாக ஆனது 17ஆம் நூற்றாண்டுக்குப் பின். எனவே, பசும்புல்லில் மாடு மேயும் மனுவார் படம் அழகானது, ஆனால் இடைக்காலத்தது அல்ல. அவ்வளவு பெரிய தானியக் களஞ்சியம் ஏன் மாட்டுப்பண்ணையில் நிற்கிறது என்ற குழப்பத்துக்கும் விடை இதுவே.

என் கட்டடத்தின் வயதை எப்படி அறிவது?

மர வளையக் கணிப்பே நம்பகமானது. வெவ்வேறு மரங்களிலிருந்து எட்டுப் பத்து மெல்லிய மாதிரிகளைத் துளைத்தெடுத்து வளையங்களை எண்ணி ஒப்பிடுவார்கள். ஐம்பதுக்குக் குறைவான வளையமுள்ள மரம் உதவாது. பட்டை ஒட்டியிருந்தால் வெட்டிய ஆண்டே தெரியும். மரத்தின் வைரத்துக்கு (கெட்டியான நடுப்பகுதி) வெளியே இருக்கும் வெளிர்நிற வளையங்கள் ஓரளவு இருந்தால் சில ஆண்டு வரம்புக்குள் சொல்லலாம். அவையும் இல்லையென்றால், இந்த ஆண்டுக்குப் பிறகு என்று மட்டுமே சொல்ல முடியும். தூணில் வெறுமையாக நிற்கும் கழுந்துத்துளை தெரிந்தால் எச்சரிக்கை: மரம் வேறு கட்டடத்திலிருந்து வந்திருக்கலாம், அதன் வயது வீட்டின் வயதாகாது.

தாளில் தேட, நிலப்பிரபு தன் மேற்பிரபுவுக்குக் கொடுத்த சொத்து அறிக்கைகள் உண்டு. புறாமாடம், ஆலை, குளம் எல்லாம் அவற்றில் பட்டியலாக வரும். 1807 சட்டப்படி வரையப்பட்ட நெப்போலியன் கால நிலவரைபடங்கள் மாவட்ட ஆவணக்காப்பகங்களின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. காணாமற்போன கட்டடத்தின் இடம் அதில் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் ஆர்சிஸ் த கோமோன் லிசியே அடங்கிய கால்வடோஸ் மாவட்டம் முழுக்கச் சுற்றி எழுதிய விவரணையையும் புரட்டுங்கள், சிறு மனுவார்களை மதித்துப் பதிந்த முன்னோடி அவர்.

இன்று இவற்றைக் கெடுப்பது எது?

தண்ணீரும் சிமெண்டும் சேர்ந்த கூட்டணி. தொர்ஷிச் சுவர் ஈரத்தை வாங்கும், பின் காற்றில் விடும். மேலே சிமெண்ட் பூசினால் வாங்குவது நிற்காது, விடுவது நிற்கும். மயிரிழை விரிசல் வழியே புகுந்த மழை உள்ளேயே தங்கி, அடிவிட்டத்தையும் தூணின் கால்களையும் மாவாக்கும். வெளியே பார்த்தால் சுவர் புத்தம்புதிதாக இருக்கும், சாவியால் குத்தினால் மரத்தில் புதையும். மரத்தின்மேல் பிளாஸ்டிக் வகைப் பூச்சும், விரிசலில் சிலிக்கானும் இதே வேலையைத்தான் செய்யும்.

இரண்டாவது, மண்மட்டம் உயர்வது. பல தலைமுறைச் சருகும் குப்பையும் சரளையும் சேர்ந்து கற்பீடம் புதைந்துபோக, அடிவிட்டம் தரையைத் தொடும். மண்ணை அகற்றிப் பீடத்தை வெளிக்கொணர்வதே முதல் சிகிச்சை, செலவும் குறைவு. வடிகால் வெட்டினால் சுவரிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, அஸ்திவாரத்தைவிட ஆழமாகப் போகாமல் வெட்டுங்கள். இந்த வீடுகளின் அஸ்திவாரம் ஆழமில்லாதது, ஒட்டித் தோண்டினால் சுவர் பள்ளத்தை நோக்கிச் சாயும்.

அடிவிட்டம் மக்கியிருந்தால் முழுதையும் மாற்றும் அவசியம் அரிது. மேல்விட்டத்துக்கு முட்டுக்கொடுத்து, பாரத்தைச் சில மில்லிமீட்டர் மட்டும் தூக்கி, கெட்ட பகுதியை அறுத்து, அதே தடிமன் ஓக்கைச் சாய்வுவெட்டு இணைப்பால் சேர்க்க வேண்டும். சாய்ந்த வீட்டை நேராக நிமிர்த்தும் ஆசை வேண்டாம். ஐந்நூறு ஆண்டு சாய்வுக்கு மூட்டுகள் பழகிவிட்டன, நிமிர்த்தினால் கழுந்து முறியும்.

மரத்தில் பூஞ்சை, வண்டு தென்பட்டால்?

ஓக்கைத் துளைக்கும் மரவண்டு ஏற்கெனவே ஈரமும் பூஞ்சையும் உள்ள மரத்தைத்தான் நாடும். பழைய துளைகள் மட்டும் இருந்தால் பதற்றம் வேண்டாம். வசந்தத்தில் கீழே கருந்தாள் விரித்துப் பாருங்கள், புது மரத்தூள் விழுந்தால் வண்டு உயிரோடிருக்கிறது. மருந்தைவிட ஈரத்தை நிறுத்துவதே பலன் தரும்.

மெருல் என்னும் பூஞ்சை வேறு ரகம். காற்றோட்டமில்லாத, இருண்ட, ஈரமான இடத்தில் பஞ்சுபோல் படர்ந்து, சுவரின் உள்ளாகவும் ஊடுருவி, மரத்தைக் கனசதுரத் துண்டுகளாக வெடிக்கச் செய்யும். துருநிறத் தூள் படிந்திருந்தால் அது வித்துப்பொடி. பிரெஞ்சுச் சட்டப்படி கண்டவுடன் ஊர் நகராட்சியில் அறிவிக்க வேண்டும். விடுமுறைக்கு மட்டும் வந்து, மீதி மாதங்கள் பூட்டிவைக்கும் வீடுகளில் இது அதிகம். பயன்பாடே காவல்.

அனுமதியும் உதவியும் எப்படி?

1913 டிசம்பர் 31 சட்டம் இரண்டு படிநிலைகளை வகுத்தது. முதல் படி உயர்காப்பு: எந்த வேலைக்கும் அரசின் முன்அனுமதி வேண்டும். இரண்டாவது, பதிவுப்பட்டியல்: கட்டுப்பாடு சற்றுத் தளர்வு. காக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து 500 மீட்டர் தொலைவுக்குள் பொதுவாக அரசின் பாரம்பரியக் கட்டடக்கலைஞரின் கருத்தும் தேவை. அவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். வரைபடம் போடுமுன் போய்ப் பேசினால் பாதிச் சிக்கல் தீரும்.

எப்பட்டியலிலும் இல்லாத பண்ணைக் கட்டடங்களுக்கு 1996இல் தொடங்கப்பட்ட பாரம்பரிய அறக்கட்டளையின் முத்திரை உதவும், வரிச்சலுகைக்கு வழி திறக்கும். வேலை தொடங்குமுன் அதைப் பெற வேண்டும். முதல் ஓட்டை இறக்கிவிட்டு விண்ணப்பிக்கிறவர்கள் அதை இழக்கிறார்கள். 2018 முதல் லாட்டரி வருவாயிலிருந்தும் நிதி வருகிறது.

களஞ்சியத்தை வீடாக்குவது தனி விவகாரம். வேளாண் மண்டலத்தில் அந்தக் கட்டடத்தை ஊரின் திட்ட ஆவணம் பெயர் குறித்து அனுமதித்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்குமுன்பே அதை அறிந்துகொள்ளுங்கள். களஞ்சிய ஆந்தையும் வௌவாலும் சட்டப் பாதுகாப்பு பெற்றவை, கூடு இருக்கும் பருவத்தில் வேலை செய்யக் கூடாது.

பார்க்க எங்கே போகலாம்?

எல்லாக் கட்டடங்களையும் ஒரே வளாகத்தில் பார்க்கக் கிரெவ்கேர்-ஆன்-ஓஜ். மரச்சட்டகமும், பச்சை மெருகிட்ட செங்கல்லும் வெண்கல்லும் கட்டம்கட்டமாக அமைந்த 16ஆம் நூற்றாண்டுச் சுவரும் ஒரே வீட்டில் வேண்டுமானால் சேன்-ஜெர்மேன்-த-லிவே. அது லிசியே நகருக்குச் சொந்தம். கூப்சார்ட் தனியார் சொத்து, வெளிப்புறத்தை மட்டும் மரியாதையோடு பார்க்கலாம். செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் பாரம்பரிய நாட்களின்போது, மற்ற நாளில் மூடியிருக்கும் பல தனியார் மனுவார்கள் திறக்கும். அன்று போனால் களஞ்சியத்தையும் ஆலையையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலான உரிமையாளர்கள் சாவியைத் தேடி எடுத்து வருவார்கள்.

கொட்டகை விழும் நிலை, பணமில்லை. முதலில் என்ன செய்வது?

கூரைக்குத் தார்ப்பாய் அல்லது தகரம் போடுங்கள். தார்ப்பாயைக் கயிற்றால் மட்டும் கட்டினால் முதல் புயலில் பறக்கும். மரப்பட்டியை மேலே வைத்துக் கைமரத்தோடு திருகாணியால் இறுக்குங்கள். சுவரருகே உள்ள புதரையும் ஐவிக் கொடியையும் அகற்றுங்கள். ஐவியைப் பிய்க்காமல், அடித்தண்டை அறுத்துவிட்டுக் காயவிட்டுப் பிறகு எடுங்கள், இல்லையேல் தொர்ஷியும் கூடவே வரும். சாயும் பக்கத்தில் முட்டுக்கொடுத்து, முட்டின் காலுக்கு அகலமான பலகை வையுங்கள். விழுந்த மரம், ஓடு, பட்டி எதையும் எரிக்காமல் எண்ணிட்டு உலர்ந்த இடத்தில் அடுக்குங்கள். எல்லாப் பக்கமும் படமெடுத்து அளவெடுத்து வையுங்கள். இவ்வளவும் செய்தால் கொட்டகை இன்னும் பத்தாண்டு நிற்கும், அதற்குள் விண்ணப்பம் நகரும்.